ஜெர்மனிக்கு ஒரு சட்டம், பொன்னேரிக்கு வாரண்டி புத்தகமா?

செல்போன் வாங்கி 2 வருடம் ஆனால் சார்ஜ் நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த கதை. மின்சாரக் காரில் இருப்பதும் அதே லித்தியம் பேட்டரி வகைதான். ஒரே வித்தியாசம், செல்போனுக்கு மாற்றும் செலவு நூறுகளில், காருக்கு லட்சங்களில்!

பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாகப் படலமாகப் படிந்து வீணாகிறது. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் இது நடக்கும். வெயிலில் வேகமாக நடக்கும். முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ வேலைக்கு வருபவர் மே மாத வெயிலில் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் காரை நிறுத்தினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இதற்கு உதாரணம் உண்டு. 2010-இல் வந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் பேட்டரி சீக்கிரமே தேய்கிறது என்று 2012-இல் உரிமையாளர்கள் கொதித்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் காரில் கொள்ளளவு குறைவதற்கும் வாரண்டி வந்தது.

"இப்போதுதான் குளிரூட்டல் இருக்கிறதே, 8 வருட வாரண்டி தருகிறார்களே" என்பார்கள். உண்மைதான். ஆனால் வாரண்டி கம்பெனி எழுதுவது, நிபந்தனையும் கம்பெனி எழுதுவது. சட்டம் அப்படியல்ல. ஐரோப்பாவின் யூரோ 7 விதிப்படி 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை 72 சதவீதமும் பேட்டரியில் மிஞ்ச வேண்டும். 2026 நவம்பர் இறுதியிலிருந்து புதிய மாடல்களுக்கு இது கட்டாயம்.

நம் ஊரில்? ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு 2022-இல் பேட்டரி விதிகளைக் கடுமையாக்கினார்கள். நல்லது. ஆனால் அவை தீப்பிடிக்காமல் இருப்பதற்கு, தேயாமல் இருப்பதற்கு அல்ல.

குஜராத்தில் செய்த சுஸுகி இ-விட்டாரா 2025-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து எண்ணூர் துறைமுகத்திலும் கார் ஏற்றுமதி புதிதல்ல. இங்கே செய்யும் மின்சாரக் காரை ஜெர்மன்காரர் வாங்கினால் சட்டம் காக்கும். பொன்னேரிக்காரர் வாங்கினால்?

பழைய கார் வாங்குபவர் பாடு இன்னும் மோசம். ஓடிய கி.மீ. தெரியும், பேட்டரியின் நிலை தெரியாது.

கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. குறைந்தபட்ச ஆயுள் சட்டத்தில் வர வேண்டும். பேட்டரியில் மிச்சம் எத்தனை சதவீதம் என்பதைக் காரே காட்ட வேண்டும். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத்தானே காசு கொடுக்கிறோம்?