வீட்டுக்குள் புகுந்த மொழி
‘ஓரிரு வருடம்தானே’ என்று அயல்நகரத்தில் பெட்டியைப் பிரிக்காமலே வாழும் குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எனக்கு ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் வீட்டுப் பேச்சு நினைவுக்கு வருகிறது. 1905இல் பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க டிரியெஸ்ட் துறைமுக நகருக்குப் போனவர் அவர். வாடகைக்குத் திண்டாடி வீடு மாறிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் ஜியார்ஜியோவும் லூசியாவும் அங்கேதான் பிறந்தார்கள். அந்தத் துறைமுகத்தின் வட்டார இத்தாலிய மொழி வீட்டுக்குள் புகுந்தது. சூரிச், பாரிஸ் என்று ஊர் மாறிய பிறகும் குடும்பம் தங்களுக்குள் அதையே பேசியது. ஜாய்ஸ் மொழிப்பித்தர், அவர் வீடு எப்படி உதாரணமாகும் என்று கேட்கலாம். ஆனால் கால்வேயில் வளர்ந்து, டப்ளின் ஹோட்டலில் அறை துப்புரவு செய்துவந்த அவர் துணைவி நோராவும் அதைத்தானே பேசினார்! குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்ற சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1915இல் முதல் உலகப் போர் அவர்களைக் கிளப்பியபோது ஜியார்ஜியோவுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. பெற்றோருக்குத் தற்காலிகமாக இருந்த ஊரில்தான் அவன் ஆயுளில் பெரும்பகுதி கழிந்திருந்தது. மறப்பதென்றால் அவன் எதை மறப்பான்? பாரிஸுக்கும் அவர்கள் 1920இல் சில நாள் தங்கத்தான் போனார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.