தச்சன் மகனைக் கும்பிடுகிறோம், தச்சனுக்குப் பெண் தர யோசிக்கிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "டீச்சர், பையன் ஐ.டி.ஐ. சேரணும்னு அடம் பிடிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." எடுத்துச் சொல்லுங்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். இப்படிக் கேட்பவர்களில் பலர் எண்ணூரிலும் மணலியிலும் ஃபிட்டராக, வெல்டராக உழைத்து வீடு கட்டி, தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள். தாங்கள் சாப்பிட்ட சோற்றைப் பார்த்தே கூச்சப்படுகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்: சேரட்டும்.

காரணம் சொல்ல, பாண்டிச்சேரியில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்துக்காரர்கள் தங்கும் விடுதி அது. பெயர் கோல்கொண்ட். கட்டுவதற்கான பணம் ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக வந்ததால், அந்த ஊர்க் கோட்டையின் பெயரையே வைத்தார்கள். வரைபடம் போட்டவர் டோக்கியோவில் தொழில் செய்த அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். வேலையை நின்று பார்க்க அவர் அலுவலகத்திலிருந்து 1937இல் ஓர் இளைஞர் வந்தார். ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். வேலைக்கு வந்தவர் ஆசிரமத்திலேயே ஒருவராகிவிட்டார். அங்கே அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா.

அந்தக் கட்டடத்துக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகத் திருப்பக்கூடிய பலகைகள். வெயிலுக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி, கடற்காற்றுக்கு ஒரு மாதிரி திருப்பிக்கொள்ளலாம். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆன இழுப்புக் கதவுகள். மூடியிருந்தாலும் காற்று வரும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். கூரைமேல் இன்னொரு வளைந்த ஓட்டு அடுக்கு, இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம். ஏ.சி. இல்லாத காலத்தில் நம் கடற்கரைச் சூட்டுக்குப் போட்ட கணக்கு இது. கதவுக்கு வேண்டிய கீல், கொண்டி, கைப்பிடிகளைக்கூட, பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். யார் வீட்டுக் குடமோ யார் வீட்டுக் குத்துவிளக்கோ, இன்றைக்குக் கதவுக் கைப்பிடியாக இருக்கிறது. உள்ளே போக ஆசிரமத்தின் அனுமதி வேண்டும். பாண்டிச்சேரி போனால் தெருவில் நின்றாவது பாருங்கள்.

நகாஷிமா அதன்பின் என்ன ஆனார்? 1939இல் இங்கிருந்து கிளம்பினார். போர் வந்ததும், ஜப்பானிய ரத்தம் என்பதற்காகவே அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அங்கே ஜப்பானிய முறையில் பயின்ற ஒரு தச்சரைச் சந்தித்தார். கட்டடக் கலையில் பட்டம் வாங்கி, பாண்டிச்சேரியில் அவ்வளவு பெரிய வேலையை மேற்பார்த்தவர், அந்தத் தச்சரிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உலகம் முழுக்க அவர் பெயர் தெரிந்தது மர வேலையால்தான். மேசை விளிம்பை அறுத்து நேராக்காமல், மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே விடுவார். அவர் மறைந்த பிறகு, 1996இல், அவர் நினைத்தபடி செய்த அமைதி மேசை ஒன்று ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது.

அவர் பெரிதும் மதித்த ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருந்தது: ஷேக்கர்கள். ஆன் லீ என்ற இங்கிலாந்துத் தொழிலாளிப் பெண் 1774இல் சிலரோடு கப்பலேறிப் போய் வளர்த்த கிறிஸ்தவக் குழு. சொத்து பொது, கல்யாணம் கிடையாது, ஜெபமும் வேலையும் ஒன்று. அவர்கள் செய்த நாற்காலியில் ஒரு பூ வேலைப்பாடு இருக்காது, ஆனால் குறை சொல்ல ஓர் இடமும் இருக்காது. சுவரில் வரிசையாக முளை அடித்து, நாற்காலிகளை அதில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள். இன்று அந்தக் குழுவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். நாற்காலிகளோ ஏலத்தில் பெரிய விலைக்குப் போகின்றன.

"டீச்சர், அவங்க சாமியாருங்க. வாடகை இல்ல, வட்டி இல்ல, பொறுமையா செய்யலாம். நாங்க பீஸ் ரேட்டுக்கு ஓடுறோம்" என்பீர்கள். நியாயம். அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரமத்தில் பக்தியாகக் கொடுத்த உழைப்பைப் பட்டறையில் யாரும் இலவசமாகக் கேட்க முடியாது. "செய்யும் தொழிலே தெய்வம்" என்பதைத் தொழிலாளி சொன்னால் அழகு. சம்பளத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கும் முதலாளி சொன்னால் ஏமாற்று. ஆயுத பூஜைக்கு கிரைண்டிங் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். அதை ஓட்டும் பையனுக்கு மீதி 364 நாளும் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கித் தருகிறோமா? மெஷினுக்குச் செய்கிற மரியாதையைக் கைக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

நம் ஊரில் கைவேலைக்கு என்ன குறைச்சல்? திருவொற்றியூரில் பல்லாண்டுகளாக புல்லட் டேங்கில் அந்தத் தங்கக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். அளவுகோல் கிடையாது. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. உலகம் முழுக்க ஓடும் வண்டியில் நம் ஊர்க் கை இருக்கிறது. ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டியே கட்டுமரத்தைக் கடலில் விட்டவர்கள் நம் பாட்டன்மார்.

ராயபுரம் என்ற பெயர் ராயப்பரால், அதாவது பேதுருவால் வந்தது. அவருடைய கோயிலைக் கட்டியவர்கள் நம் படகுக்காரர்கள். ராயப்பர் மீனவர், அவருடைய குருவோ தச்சர் வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரையும் கும்பிடுகிறோம். மாப்பிள்ளை தச்சு வேலை என்றால் மட்டும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, இதில் மட்டும் நம் எல்லோருக்கும் ஒரே மதம்.

பெற்றோருக்கு ஒரு தகவல். ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்துவிடாது. இரண்டு வருடப் படிப்பை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் போகலாம். கையில் ஒரு தொழிலோடு போகிறவன் வெறுங்கையோடு போகிறவனைவிடத் தெளிவாகப் படிப்பான். பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் மட்டும்தான் பெண்ணுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

என் மாணவர்களில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் பத்துப் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்த ஜூனில் ஆளுக்கு ஒரு பையனையோ பெண்ணையோ பயிற்சிக்கு எடுங்கள். "டேய்" என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், மாதம் பிறந்தால் கையில் காசு கொடுங்கள், யாரும் பார்க்காத அடிப்பக்கத்தையும் இழைக்கச் சொல்லிக் கொடுங்கள். எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் கீழே கமெண்டில் எந்தத் தொழில் என்று மட்டும் எழுதுங்கள். எனக்குப் போன் செய்யும் பெற்றோரை உங்களிடம் அனுப்புகிறேன்.

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவொற்றியூர்