நீர்க்கடுப்புக்கு கிரான்பெர்ரி கேட்குமா?

சூப்பர் மார்க்கெட்டில் பாதாம், பிஸ்தா அடுக்கியிருக்கும் வரிசையில் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் பருத்த உலர் திராட்சை மாதிரி ஒரு பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கிரான்பெர்ரி. மருந்துக் கடைகளில் மாத்திரையாகவும் பொடியாகவும்கூட வந்துவிட்டது. ‘யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால் இதைச் சாப்பிடு, ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று தோழி சொல்கிறாள், சாப்பிடலாமா?’ என்று வாசகிகள் பலர் கேட்கிறார்கள். தோழி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரான்பெர்ரி நம் ஊர்க் களாக்காய் அல்ல. நிறமும் புளிப்பும் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தாவரக் குடும்பங்கள். (பேக்கரி கேக்கின் மேல் செர்ரி என்று உட்கார்ந்திருப்பது பல நேரம் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்!) களாக்காய் நல்ல காய், ஊறுகாய்க்கு அருமை. ஆனால், கிரான்பெர்ரி ஆய்வு முடிவுகளை அதன் கணக்கில் எழுத முடியாது.

கிரான்பெர்ரிக்கு ஊர் வட அமெரிக்கா. அங்கே சதுப்பு நிலத்தில் படரும் கொடி. அமெரிக்காவின் விஸ்கான்சின், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் அறுவடைக் காலத்தில் வயலில் தண்ணீரைக் கட்டிவிடுவார்கள். பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் உதிர்ந்த பழங்கள் மிதக்கும், ஒதுக்கி அள்ளிவிடுவார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதை உணவாகவும் மருந்தாகவும் துணிக்குச் சாயமாகவும் பயன்படுத்தினார்கள்.

சிறுநீர்த் தொற்றுக்கு இது எப்படி உதவுகிறது? சிறுநீரைப் புளிப்பாக்கிக் கிருமியைக் கொல்கிறது என்றுதான் பல காலம் நம்பினார்கள். விஷயம் வேறு. இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ-கோலை பாக்டீரியா. அது சிறுநீர்ப் பைக்குள் நுழைந்ததும், மயிரிழை போன்ற கொக்கிகளால் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. பிடி கிடைத்தால்தான் பெருகும். கிடைக்காவிட்டால் சிறுநீரோடு போய்விடும். கிரான்பெர்ரியில் உள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருள் அந்தப் பிடியைத் தடுக்கிறது. அது கிருமியைக் கொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒட்டிப் பெருகிவிட்ட கிருமியிடம் அதன் ஜம்பம் பலிக்காது. வருமுன் காக்க உதவும். வந்த பிறகு ஆன்டிபயாடிக்கின் இடத்தை அது பிடிக்க முடியாது.

காக்கவாவது செய்கிறதா என்பதிலும் இழுபறி இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, 2012-ல் பெரிய பலன் இல்லை என்றது. 2023-ல் 50 ஆய்வுகளை, சுமார் 9 ஆயிரம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு, மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால் கர்ப்பிணிகள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், சிறுநீர்ப் பை முழுதாகக் காலியாகாத பிரச்னை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பலன் தெரியவில்லை. ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது வருடத்தில் மூன்று முறை தொற்று வந்தால் ‘அடிக்கடி’ என்பது மருத்துவக் கணக்கு. எப்போதோ ஒருமுறை வருகிறவர் மாதா மாதம் இதற்குக் காசு கரைக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த பாக்கெட்டுக்கு வருவோம். பச்சைக் கிரான்பெர்ரி 100 கிராமில் சர்க்கரை 4 கிராம்தான் இருக்கும். வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதனால் உலர்த்தும்போது சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். கடையில் விற்கும் உலர் பழத்தில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரை! பாட்டில் ஜூஸிலும் பெரும்பாலும் இதே கதைதான். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். அதைத் தடுக்கிறேன் என்று இதைத் தின்றால் என்ன ஆகும்? மாத்திரை வாங்குவதானால், அட்டையில் புரோஆந்தோசயனிடின் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பல ஆய்வுகளில் தினமும் 36 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். வெறுமனே ‘கிரான்பெர்ரி சாறு’ என்று மட்டும் எழுதியிருந்தால் எதையும் அறிய முடியாது.

இதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது. அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 1.7 முறைதான் தொற்று வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறை. நம் பெண்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது சுலபம். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணும், பள்ளி ஆசிரியையும், பேருந்தில் தொலைதூரம் போகிறவரும் குடிக்காமல் இருப்பது மறதியால் அல்ல. போவதற்கு ஒரு சுத்தமான கழிப்பறை இல்லாததால். அந்தக் குறையை எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது. (இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்குமேல் தண்ணீர் குடிக்கக் கூடாது.)

தோழியின் அறிவுரையில் உள்ள ஆபத்து, நாள் கடத்துவதுதான். எரிச்சல், கடுப்பு, அடிக்கடி போகும் உணர்வு இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். இதைச் சொல்லக் கூச்சமே வேண்டாம். குளிர் காய்ச்சல், விலாப் பக்கம் வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் லேசான கடுப்பைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரான்பெர்ரியைத் தொட வேண்டாம். ரத்தக் கசிவு கூடலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். மற்றவர்கள் பாயசத்தில் உலர் திராட்சைக்குப் பதில் பத்துப் பழம் போடலாம், தடையில்லை. அதற்காகச் சர்க்கரையை மட்டும் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.