கீரிமலைக்கு நடந்து போங்கள்

கடந்த விடுமுறைக் காலத்தில் ஒருநாள் முற்பகல் கீரிமலைக் கேணியடியில் நின்றிருந்தேன். குளிரூட்டிய வான் ஒன்று வந்து நின்றது. புலம்பெயர்ந்த நாடொன்றிலிருந்து வந்த குடும்பம். ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் இறங்கி நாலாபுறமும் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டான்: "அம்மா, மலை எங்கே?" தாய்க்கு விடை தெரியவில்லை. தகப்பனார் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். "அது சும்மா பேர்தான். கெதியா ஏறுங்கோ, இன்னும் கசூரினா பீச் கிடக்கு" என்றார். இருபது நிமிடத்தில் வான் புறப்பட்டுவிட்டது.

அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடையும் இருக்கிறது. ஆனால் அதை வானின் யன்னலூடாகக் கண்டுபிடிக்க முடியாது. குடாநாட்டின் உயர்ந்த நிலப்பகுதிகளில் ஒன்று இது. உயரம் என்றாலும் கடல் மட்டத்திலிருந்து சில பத்து அடிகள்தான். அந்த ஏற்றமும், கரையை நெருங்கும்போது நிலம் கடலை நோக்கிச் சரிவதும், நடக்கிறவனுடைய காலுக்குத்தான் தெரியும்.

ஆகவே, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊர் வருகிற பெற்றோரிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டவில்லை. ஊரின் வாகனத் தரிப்பிடங்களைக் காட்டுகிறீர்கள்.

வெயில், நாய், பாம்பு, நேரமின்மை என்று காரணம் சொல்வீர்கள். நோர்வேயில் வாழும் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மழையங்கி அணிவித்துக் காட்டுப்பாதையில் நடத்திச் செல்கிறார்கள். பிறர் காணியாயினும் பயிரிடப்படாத நிலத்தில் எவரும் நடந்து செல்லலாம் என்ற உரிமையை அந்த நாடு 1957 இல் சட்டமாகவே எழுதிவைத்தது. இங்கிலாந்தில் 1932 இல், தனியார் வேட்டை நிலமாக மூடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மலைமேட்டில் தொழிலாளர்கள் அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். அங்கே நடப்பதன் அருமை உங்களுக்குத் தெரிகிறது. பனியிலும் மழையிலும் நடக்கிற அதே பிள்ளை, தன் அம்மம்மா பிறந்த ஊரில் மட்டும் ஏன் வானைவிட்டு இறங்கக்கூடாது?

கீரிமலையைப் பொறுத்தவரை இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை அன்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். அவர்களுடைய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. நகுலேஸ்வரமும் அதே ஆண்டில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. போர் முடிந்த பின்னரும் காணிகள் துண்டுதுண்டாகவே விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாதவை இன்னமும் உள்ளன. மக்கள் காணி கேட்டு நின்ற அதே கீரிமலைக் கரையில் ஜனாதிபதி மாளிகை ஒன்று எழுந்தது. யாழ்ப்பாணம் – பலாலி வீதியில் 1990 முதல் மூடிக்கிடந்த வசாவிளான் பகுதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, அங்கு நாட்டப்பட்ட அறிவிப்புப் பலகையின் நிபந்தனைகளில் ஒன்று என்ன தெரியுமா? நடந்து செல்லக்கூடாது என்பது. வாகனத்தில் ஓடலாம், நிறுத்தக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது, கால் பதிக்கக்கூடாது. ஓர் ஊரை மக்களிடமிருந்து பிரித்துவைக்க விரும்புகிறவர்கள் நடையைத்தான் முதலில் தடுக்கிறார்கள். அவர்கள் பலகை நாட்டிச் செய்ததை, நடக்கத் தடையில்லாத கீரிமலை வீதியில் நாம் வாடகை வான் பிடித்து நாமாகவே செய்துகொள்கிறோம்.

சரி, எப்படி நடப்பது? காங்கேசன்துறை வீதிப் பேருந்தில் ஏறி மாவிட்டபுரத்தில் இறங்குங்கள். கந்தசுவாமி கோவில் வாசலிலிருந்து கீரிமலைக்குச் சில கிலோமீற்றர் தூரமே. ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரத்து முருகன் தீர்த்தமாட எழுந்தருளுவதும் கீரிமலைக்கே. பிள்ளைக்குச் சொல்லக் கதையும் ஆயத்தமாக இருக்கிறது. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் தீர்த்தமாடி முகம் மாறியதால் கீரிமலை. குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதே தீர்த்தத்தில் நோய் நீங்கினாள். அந்த மா முகம் விட்டதால் மாவிட்டபுரம். ஒரு கதையின் இரு முனைகளுக்கு இடையில் நடக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். கால் நோகிறது என்ற முறைப்பாடு பாதியாகக் குறையும்.

காலை ஆறரைக்கே புறப்பட்டுவிட வேண்டும். ஒன்பது மணிக்குமேல் ஆடி வெயிலில் சிறுபிள்ளையை நடத்துவது மடமை. மார்கழியில் வருவோர் வானத்தைப் பார்த்துப் புறப்படுக. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுடை இருந்தால் போதும். மிகச் சிறிய பிள்ளையின் வேகமே எல்லாருடைய வேகம். ஒருவழி மட்டும் நடவுங்கள்; திரும்பி வர முச்சக்கரவண்டி இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடைசி அரைக் கிலோமீற்றரே தாராளம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். வீதியைவிட்டுப் பற்றைக்குள்ளோ, பாழடைந்த வீட்டுக்குள்ளோ பிள்ளையை இறங்க விடாதீர்கள். நெடுங்காலம் மூடிக்கிடந்த போர் நிலம் இது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பான இடம் ஆகிவிடாது. பாழுங்கிணறுகளும் உண்டு. ஏன் இறங்கக்கூடாது என்று பிள்ளை கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். நம் வரலாற்றை அது அறியத் தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கேணியடிக்கு வந்ததும் முதலில் கடல்நீரில் ஒரு துளியை நாவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கேணிநீரில் முகம் கழுவச் சொல்லுங்கள். சில அடிகள் தள்ளி உவர்க்கடல், இங்கே நன்னீர். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக ஊறி, நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதந்து, கரையோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. நம் கிணறுகளெல்லாம் இந்த நீரையே நம்பியிருக்கின்றன. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை அகழ்ந்தது இந்தச் சுண்ணக்கல்லைத்தான். பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் அந்தக் கேணிப் படியில் இருக்கின்றன.

பெற்றோரை மட்டும் குறைசொல்லி முடித்துவிட முடியாது. சுற்றுலா வளர்ச்சி என்று மேடைதோறும் முழங்குகிறவர்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. பிள்ளையின் கையைப் பிடித்து நடக்க வீதியோரத்தில் இரண்டு முழ அகலம் ஒதுக்கினீர்களா? வழிநெடுக நிழல் மரம், இடையில் குடிநீர்க் குழாய், துப்புரவான மலசலகூடம் இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. வாகனத் தரிப்பிடத்தை அகலமாக்குவதற்கு முன் நடைபாதையை அமையுங்கள். எஞ்சிய காணிகளையும் வீதிகளையும் விடுவிக்கச் சொல்லி அரசிடம் கேட்கிறவர்கள், விடுபட்ட வீதிகளில் மக்கள் நடப்பதற்கு வகை செய்வதும் அதே கோரிக்கையின் பகுதிதான்.

அந்த ஆறு வயதுச் சிறுவன் இனி எப்போது வருவானோ அறியேன். அடுத்த முறை வரும்போது அவனுக்குப் பத்து வயதாகியிருக்கலாம். கேள்வி கேட்கும் ஆவலும் போயிருக்கலாம். அந்தத் தாயும் தகப்பனும் இதைப் படிப்பார்களாயின் ஒன்றே கேட்பேன். அடுத்த முறை கசூரினாவை விட்டுவிடுங்கள். மாவிட்டபுரத்தில் இறங்கி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள். மலை எங்கே என்று அவனே உங்களுக்குச் சொல்லுவான்.