அடுத்த கடையைக் காட்டலாமா?

வீடு தேடி வரும் திருமகளை வாசலோடு திருப்பி அனுப்புவார் உண்டா? கடைக்கு வந்த வாடிக்கையாளரை, "எனக்கு வேண்டாம், எதிர்க்கடைக்குப் போங்கள்" என்று சொல்லும் வணிகரைக் கண்டதுண்டா? இல்லை என்றே நம்மில் பலர் கூறுவர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆயின், அமெரிக்க நாட்டில் வீட்டுப் புல்தரைகளை வெட்டிப் பேணும் தொழிலைச் செய்வோரிடம் இவ்வழக்கம் உண்டு. ஒருவர் தமக்கு ஒத்துவராத வாடிக்கையாளர் என்று தோன்றினால், போட்டியாளர் ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். இது பெருந்தன்மையா, சூழ்ச்சியா? புல்லைப் பற்றிய செய்தி நமக்கு எதற்கு என்று தோழர்கள் ஒதுக்கிவிட வேண்டா. சற்றுப் பொறுமையுடன் படித்தால், இது நம்மையும் பற்றியது என்பது விளங்கும்.

முதலில் அத்தொழிலின் அளவைக் கூறிவிடுகிறேன். அந்நாட்டில் வீட்டுத் தோட்டம், பூங்கா, கோல்ஃப் திடல் ஆகிய அனைத்திலும் உள்ள புல்தரையின் பரப்பு ஏறத்தாழ 1,63,000 சதுர கிலோமீட்டர் என்று, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2005-ஆம் ஆண்டில் கணக்கிட்டது. நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டைவிடப் பெரிய புல்தரை! உண்ணவும் உதவாத, மாட்டுக்கும் போடாத அப்புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும். புல் ஓர் அளவுக்குமேல் வளர்ந்துவிட்டால் ஊராட்சியே அறிவிப்பு அனுப்பும், தண்டமும் விதிக்கும். ஆகவே ஒரு வண்டி, ஒரு பொறி, இரண்டு ஆட்கள் என்று சிறு முதலில் தொடங்கித் தொழில் நடத்துவோர் அங்கே ஊர்தோறும் உள்ளனர்.

என் பெரியப்பா மகன் டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கிறார். ஒரு கோடையில் குடும்பத்தோடு ஆறு வாரம் மதுரைக்கு வந்து திரும்பினார். போய்ப் பார்த்தால் புல் முழங்காலைத் தொட்டு நிற்கிறது. கதவில் ஊராட்சியின் அறிவிப்பு தொங்குகிறது. அருகிலுள்ள புல்வெட்டுவோர் ஒருவரை அழைத்தார். அவர் வந்தார், பார்த்தார், "எங்களுக்கு இந்த மாதம் முழுதும் வேலை நிறைந்துவிட்டது; இவரை அழையுங்கள், மிக நல்லவர்" என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த 'மிக நல்லவர்' மறுநாள் வந்தார். புல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம். "உங்களை அனுப்பியவர் சென்ற மாதமும் எனக்கு இப்படி ஒரு காட்டைத்தான் அனுப்பினார்" என்றாராம்.

"பணம் கொடுக்க ஆயத்தமாக நின்றவன் நான். ஆனாலும், யாரோ ஒருவர் வீட்டில் வேண்டாம் என்று நம் தெருவில் கொண்டுவந்து விட்டுப்போவார்களே, அந்தப் பூனைக்குட்டியைப் போல் நின்றேன்" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். அந்தச் சொல் என் மனத்தில் தைத்துவிட்டது.

நிற்க. தொழில் செய்பவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லா வாடிக்கையாளரையும் ஏற்றுக்கொள்ள அவரால் முடியாது. ஒரு வீட்டின் புல்லை வெட்ட 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்குப் போய்வர 40 நிமிடம் ஆனால், அவர் வெட்டுவது புல்லை அன்று, தம் வருவாயை. அதே தெருவில் ஏற்கெனவே ஐந்து வீடு வைத்திருக்கும் இன்னொருவருக்கோ அந்த வீடு கரும்பாக இனிக்கும். ஒருவரிடம் 60 அங்குல அகலப் பொறி இருக்கிறது. வீட்டின் பின்வாயிலோ 36 அங்குலந்தான். அவர் அங்கே என்ன செய்வார்? சிறிய பொறி வைத்திருப்பவரைக் காட்டுவதே முறை.

தாவரவியல் பயிலும் எனக்கு இன்னொரு காரணமும் விளங்குகிறது. புல்லின் வளரும் பகுதி இலையின் நுனியில் இல்லை. தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. அதனால்தான் மேலே எத்தனை முறை வெட்டினாலும், மாடு எத்தனை முறை மேய்ந்தாலும், புல் மீண்டும் எழுகிறது. ஆயினும் ஒரே வெட்டில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கலாகாது என்பது புல்லறிஞர் வகுத்த விதி. இலைப் பரப்புத் திடீரெனக் குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும். வேரின் வளர்ச்சி நின்றுவிடும். வெயிலில் புல் காயும். "வாரம் ஒருமுறை வேண்டா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்" என்று சிக்கனம் பார்க்கும் வாடிக்கையாளரைச் சிலர் மறுப்பது இதனால்தான். நன்றாக வளரும் பருவத்தில் இரண்டு வாரப் புல்லை வெட்டினால் விதியை மீற நேரும், புல் பழுக்கும், பழி வெட்டியவர்மேல் வரும். களைக்கொல்லி தெளிக்கும் வேலை இன்னும் தெளிவானது. டெக்சாஸில் அதைக் கூலிக்குச் செய்ய உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர், உள்ளவரிடம் அனுப்பியே ஆக வேண்டும்.

இவை யாவும் குற்றமற்ற காரணங்கள். "என்னால் இயலாது, அவரால் இயலும்" என்பது ஒன்று. "எனக்குப் பொருந்தாது, அவருக்குப் பொருந்தும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டாலும் அனுப்புகிறவர், வாடிக்கையாளர், பெறுகிறவர் ஆகிய மூவரும் நலம் பெறுவர். இவற்றை நான் குறை கூறேன், பாராட்டுவேன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. பணத்தை இழுத்தடிப்பவர், எதைச் செய்தாலும் குறை சொல்பவர், நாயின் கழிவை எடுக்காமலே புல்லை வெட்டச் சொல்பவர் ஆகியோரைத் தெரிந்தே போட்டியாளரிடம் அனுப்புவது. அதுவும் எப்படி? "அவர் மிக நல்லவர்" என்ற புகழ்ச்சியோடு! தொல்லையும் நீங்கியது, எதிரிக்கும் ஒரு தொல்லை போயிற்று என்று உள்ளூர மகிழ்வது. நம் மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: தலையில் கட்டுதல். பழுதான மாட்டைச் சந்தையில் தலையில் கட்டுவது போல, மனிதரைத் தலையில் கட்டுவது.

"வாணிகத்தில் இதெல்லாம் இயல்பு, போட்டியாளர்தானே, ஏமாந்தால் ஏமாறட்டும்" என்பர் சிலர். அறத்தை விட்டுவிட்டுக் கணக்கையே பார்ப்போம். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளியலறிஞர் 1970-இல் பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் பழுது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்நிலையில் வாங்குபவர் எல்லா வண்டியையும் ஐயுறுவார், விலையைக் குறைப்பார், நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவார், கடைசியில் பழுதானவையே மிஞ்சும். இவ்வாராய்ச்சிக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புல்வெட்டுவோர்க்கும் இது பொருந்தும் அன்றோ? இரண்டு முறை தலையில் கட்டப்பட்டவர், மூன்றாம் முறை அனுப்பப்படும் நல்ல வாடிக்கையாளரையும் நம்பமாட்டார். என் அண்ணனைக் கண்டு அந்த மனிதர் சிரித்தது அதனால்தான். தொல்லை தருபவரை ஒருவர் அனுப்பியதற்கு, தொல்லை தராத ஒருவர் நாணி நிற்க நேர்ந்தது.

அந்நாட்டுச் சட்டமும் இதில் இரண்டு எல்லைகளை வகுத்திருக்கிறது. ஒத்துவராத ஒருவருக்கு வேறொருவரைக் காட்டுவது குற்றமன்று. ஆனால், "இந்தத் தெரு உனக்கு, அந்தத் தெரு எனக்கு" என்று போட்டியாளர்கள் தமக்குள் வாடிக்கையாளரைப் பங்கிட்டுக்கொண்டால், 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி அது குற்றம். அவ்வாறே, ஒருவருடைய இனத்தைக் காரணமாகக் கொண்டு அவரோடு ஒப்பந்தம் செய்ய மறுப்பதும் தவறு. அதற்கு 1866-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். இந்த இரண்டாவது எல்லையைப் பற்றித்தான் நான் மிகுதியும் எண்ணிப் பார்த்தேன். "வேலை நிறைந்துவிட்டது, அவரை அழையுங்கள்" என்னும் இனிய சொல்லுக்குப் பின்னால் எந்தக் காரணம் ஒளிந்திருக்கிறது என்று எவர் அறிவார்? பொறி நுழையாத வாயிலும் அதற்குப் பின்னால் இருக்கலாம். பிடிக்காத முகமும் இருக்கலாம். காரணம் சொல்லப்படாதவரை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. இந்நகருக்கு வந்த முதல் மாதத்தில், விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை தேடி அலைந்தேன். முதல் வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பிறகு, "அறைக்கு வண்ணம் பூசப்போகிறோம், அடுத்த தெருவில் கேளுங்கள், மிக நல்ல மனிதர்" என்றார். அடுத்த தெரு நல்ல மனிதர் தேநீர் கொடுத்தார்; அவரும் இன்னொரு நல்ல மனிதரைக் காட்டினார். இப்படியே இரண்டு நாள் கழிந்தன. எவரும் என்னைக் கடிந்து பேசவில்லை. எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் அனுப்பினர். ஆனால், நான் ஏன் வேண்டாதவன் என்பதை ஒருவராவது சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு முதியவர், "எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைக்கக் கூடாது. உங்களால் முடியுமா?" என்று நேராகக் கேட்டார். முடியாது என்றேன். "அப்படியானால் இங்கே ஒத்துவராது. சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன், அறை கிடைத்தது. அம்முதியவரின் விதி எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. அவரும் என்னை மறுத்தவர்தாம்; அவரும் அடுத்த வாசலைக் காட்டியவர்தாம். ஆனால் என்னைத் தள்ளிவிடவில்லை, வழியனுப்பினார்.

வேறுபாடு இதுதான். மறுப்பதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு. காரணத்தை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு உரிமை இல்லை. புல்வெட்டுபவராயினும் வேறு எவராயினும், அடுத்த கடையைக் காட்டுமுன் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: "நான் ஏன் அனுப்புகிறேன் என்பதை, அனுப்பப்படுகிறவரும் பெறுகிறவரும் ஒரே அறையில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியுமா?" முடியுமானால் தயங்காமல் அனுப்பலாம். "என் பொறி உங்கள் வாயிலில் நுழையாது, அவருடையது நுழையும்" என்பதை எவரிடமும் சொல்லலாம். முடியாதானால் எவர் பெயரையும் சொல்ல வேண்டா. "இனி நான் வர இயலாது, பொறுத்தருள்க" என்று கணக்கை முடித்துக்கொள்வதே நேர்மை. வாடிக்கையாளர் சினந்தால் சினக்கட்டும். அந்தச் சினம் நம்மோடு முடியும். பொய்ப் புகழ்ச்சியால் வரும் தீமை மூன்றாமவரைச் சென்று தாக்கும்.

சட்டம் எட்டாத இடங்கள் பல. அங்கே நம் மனமே காவல். பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருத வேண்டும் என்று வள்ளுவர் வணிகருக்குச் சொன்னதை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் நுட்பம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. பிறர் நேரமும் பிறர் பொறுமையும்கூடப் பிறர் பொருளல்லவா?

முடிக்குமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் சங்கத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், புள்ளியியல் கணக்குகளைக் கேட்டு நாள்தோறும் இரவு என் அறைக்கு வந்தார். எனக்குத் தேர்வு நெருங்கியது. "எதிர் அறை அண்ணன் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்" என்று அனுப்பிவைத்தேன். அவர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருபவர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தேர்வு உண்டு என்பதும் தெரியும். அத்தம்பி இரண்டு நாள் அங்கே போனார். பிறகு எவர் அறைக்கும் போகவில்லை. "எனக்குத் தேர்வு, ஞாயிறு மாலை மட்டும் வா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அதை நான் சொல்லவில்லை.

சூலைத் திங்களில் புதியவர்கள் வருவர். அறை கேட்பர், ஏடு கேட்பர், வழி கேட்பர். நம்மால் இயலாதவற்றுக்கு இயன்றவரைக் காட்டுவோம். ஏன் காட்டுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். தொலைவிலிருந்து வந்த எந்தப் பிள்ளையும் நம் சங்க வாசலில், தெருவில் விடப்பட்ட பூனைக்குட்டியைப் போல் நிற்க வேண்டா.