புல்மேட்டில் மரம் நடாதீர்கள்

மரம் நட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையும். ஆகவே வெட்டவெளி கண்ட இடமெல்லாம் நடு என்கிறார்கள். பள்ளி விழாவிலும் அமைச்சர் மேடையிலும் கேட்கிற இந்தப் பேச்சு மூணாறு மலைகளுக்குப் பொருந்தாது. பொருந்தாதது மட்டுமல்ல, கேடு செய்யும்.

மூணாறின் ஆனைமுடிச் சிகரத்தைச் சுற்றி மலைமடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல். மனிதன் காடழித்து உண்டான புல் அல்ல அது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே இருப்பது. வரையாடு மேய்வதும், 2018-இல் குறிஞ்சி பூத்ததும் அந்தப் புல்மேட்டில்தான். வருமானம் தராத நிலம் என்று அதைக் கணக்கெழுதியவர்கள், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகும் காகித ஆலைக்குக் கூழும் வேண்டிக் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரத்தையும் வாட்டில் மரத்தையும் நட்டார்கள். பக்கத்துப் பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அன்று விறகுக்காகச் செய்ததை இன்று பருவநிலையின் பெயரால் செய்யச் சொல்கிறார்கள்.

சாலைக்காக வெட்டிய மேட்டோரத்தில் நின்று பாருங்கள். மேலே கொத்துக் கொத்தாகப் புல். கீழே கறுத்த மண், அதற்குள் பின்னிக்கிடக்கும் வேர். மலைக்குளிரில் மக்குவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் கரிமம் மண்ணிலேயே தங்குகிறது. தீ வந்தாலும் மேற்புல் எரியும், மண்ணுக்குள் இருப்பது தப்பும், மழைக்குத் துளிர்க்கும். கிராண்டிஸ் தோப்பில் எண்ணெய் ஊறிய சருகும் உரிந்த பட்டையும் தரையெல்லாம் கிடக்கும். தீப்பிடித்தால் மரமே போகும். தீக்குத் தப்பிய மரமும் சில ஆண்டுகளில் வெட்டுப்பட்டு அடுப்புக்குப் போனது. சேர்த்த கரிமம் புகையாகத் திரும்பிவிட்டது. குழி வெட்டிக் கிளறிய மண்ணிலிருந்து போனதை யார் கணக்கில் எழுதினார்கள்?

தண்ணீர்க் கதை தனி. மூணாறை அடுத்த வட்டவடைப் பக்கத்து ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து கிழக்கே அமராவதி ஆற்றுக்கு வருகின்றன. மேட்டில் கிராண்டிஸ் குடிப்பது உடுமலை விவசாயிக்கு வரவேண்டிய தண்ணீர்.

உலக அளவிலும் இதே பிழைதான். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை ஒன்று, 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்த்தால் 20,500 கோடி டன் கரிமம் சேரும் என்றது. அது ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகை, புல்வெளிகளையும் மரம் நடும் இடமாகச் சேர்த்துவிட்டார்கள் என்று அதே இதழில் சூழலியலாளர்கள் மறுத்தார்கள். மறுப்பு எத்தனை பேர் காதில் விழுந்தது? 2030-க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்போம் என்று நம் நாடும் உறுதி தந்திருக்கிறது. எண்ணிக்கையை எட்டும் அவசரத்தில் அதிகாரி கண்ணுக்கு முதலில் படுவது மரமில்லாத மேடுதான். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகம் ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. அந்தப் புகையைக் குறைக்காமல் குறிஞ்சி மேட்டில் கன்று நடுவது பொய்க்கணக்கு.

கரியமில வாயுவை அகற்றும் ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூணாறில் அதற்கு வேலை இருக்கிறது, தலைகீழாக. ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டத்தில், வாட்டில் நின்ற இடத்தில் வனத்துறையும் வட்டவடை ஊர்மக்களும் நாட்டுப் புல்லை மீட்டு வளர்த்திருக்கிறார்கள். வெட்டும் வாட்டிலை அடுப்பில் வைக்காமல், காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கித் தோட்ட மண்ணில் இட்டால் அதன் கரிமத்தில் பெரும்பங்கு நெடுங்காலம் மண்ணில் நிற்கும். அதை இங்கே அளந்து பார்க்கட்டும். மீண்ட புல்மேட்டின் மண்ணையும் ஆண்டுதோறும் அளக்கட்டும். கன்று நட வரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். புல் நடத் தெரிந்த வட்டவடைக்காரர்களுக்கே அந்தக் கூலி போகட்டும்.