கப்பலில் ஏற்றக்கூடாத பொருட்களும் ஒரு கவ்வாத்துக் கத்தியும்

  

பதிவு கொஞ்சம் நீளம். அடுத்த விடுமுறையில் கப்பலில் போக நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். போகாதவர்களும் வாசியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் என்றைக்காவது போவார்.

போன தவணை விடுமுறையில் நாங்கள் நாலைந்து ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் போனோம். எங்களில் சிலருக்கு நாகூர் போக ஆசை. சிலருக்குத் திருச்சியில் சொந்தம். எங்களோடு பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா ஒருவரும் வந்தார். கவ்வாத்து மலையிலேயே வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி 1970களில் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய், இப்போது நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

இரவெல்லாம் வேனில் போய் துறைமுகத்தில் இறங்கினோம். பைகள் ஸ்கேன் மெஷினில் போயின. தாத்தாவின் பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளே சாரத்தில் சுற்றி ஒரு கவ்வாத்துக் கத்தி. அவருடைய அப்பா பிடித்த கத்தி. தம்பி ஒரு தரம் கையில் வாங்கிப் பார்க்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்.

"சேர், இது சண்டைக் கத்தி இல்ல, தொழில் கத்தின்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று எங்களைத்தான் கேட்டார். சொன்னோம். அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "விளங்குது ஐயா, ஆனா கப்பல்ல ஏத்த ஏலாது" என்றார். நல்ல வேளை, வேன் டிரைவர் இன்னும் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கத்தி அவரிடம் போய், அவரோடு ஹட்டனுக்குத் திரும்பிவிட்டது. தாத்தா கூடலூருக்குக் கத்தி இல்லாமல் போனார்.

அந்த உத்தியோகத்தரில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் செய்தது சரி. டிக்கட் எடுத்துத் தந்த முகவர் பயண விதிகளை ஆங்கிலத்தில் ஒரு தாளாகத் தந்தார். அதை வாசித்து விளக்கவில்லை. நாங்களும் படித்தவர்கள் என்று பெயர், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டோம். தாத்தாவின் பையில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிழை எங்களிலும் உண்டு. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நாகை கப்பல் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற கோர்டேலியா சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. இப்போது நம் பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளிநாடுகளிலும் உழைக்கிறார்கள். "உம்மா வாப்பாவை ஒரு தரம் கப்பலில் கூட்டிப்போக வேண்டும்" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் திரும்பி வந்த பிறகு சொகுசுக் கப்பல் கம்பனிகள் சிலவற்றின் தடைப் பட்டியல்களைத் தேடி வாசித்தோம். கம்பனிக்குக் கம்பனி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறது. பெரும்பகுதி ஒன்றுதான்.

துப்பாக்கி, வெடிமருந்து, பட்டாசு, போதைப்பொருள் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளின் விளையாட்டுத் துப்பாக்கியும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. கத்தி கூடாது, நீளமான கத்தரிக்கோல் கூடாது. கேஸ் சிலிண்டர், அடுப்பு, மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடாது. அடுத்தது நம்மவர்கள் மாட்டுப்படுகிற பகுதி: மெழுகுதிரி, ஊதுபத்தி, சாம்பிராணி, ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கேத்தல், ரைஸ் குக்கர், சுடுதண்ணீர்க் கம்பி, மல்டி பிளக் ஒயர். சமைத்த சாப்பாட்டையும் பெரும்பாலும் ஏற்ற விடுவதில்லை. மதுபானத்தை எடுத்து வைத்து இறங்கும்போது கொடுப்பார்கள். அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

"கேத்தலில் என்ன இருக்கிறது? நம்ம ஊர் தேத்தூளைப் போட்டு ஒரு பிளேன்டீ குடிக்கவும் விடமாட்டார்களா?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கடலில் தீ என்றால் என்ன என்பதை யோசிக்க வேண்டும். லயத்தில் தீப்பிடித்தால் வெளியே ஓடலாம். கப்பலில் ஓடுவதற்கு இடமில்லை. தண்ணீரை அள்ளி ஊற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது.

2006 பெப்ரவரியில் சவூதியின் துபாவிலிருந்து எகிப்துக்குப் புறப்பட்ட 'அல் ஸலாம் பொக்காச்சியோ 98' கப்பலை நம்மில் பலர் மறந்திருப்போம். சவூதியில் வேலை செய்த எகிப்தியர்கள் நிறையப் பேர் அதில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஹஜ் செய்துவிட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். கப்பலில் தீ பிடித்தது. அணைக்க ஊற்றிய தண்ணீர் வெளியேறாமல் வாகனத் தளத்தில் தேங்கியது. கப்பல் சரிந்து கவிழ்ந்தது. ஏறக்குறைய 1,400 பேரில் 1,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதே ஆண்டு மார்ச்சில் கரீபியன் கடலில் 'ஸ்டார் பிரின்சஸ்' என்ற சொகுசுக் கப்பலில் தீ. பால்கனியில் விழுந்த ஒரு சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமாகின. புகையை மூச்சிழுத்து ஒரு பயணி இறந்தார். ஒரு துண்டு சிகரெட் இவ்வளவு செய்யுமென்றால் சாம்பிராணித் தணலை எப்படி விடுவார்கள்?

தரைக்கு வந்தால் மதுரை. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இடத்திலேயே எரிந்தது. தடையை மீறி உள்ளே ஏற்றிய கேஸ் சிலிண்டர்தான் காரணம். குறைந்தது 9 பேர் இறந்தார்கள். அவர்களும் சமைத்துச் சாப்பிடத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை.

மல்டி பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக் கரண்ட் நிலத்தோடு இணைக்கப்பட்டது. கப்பலின் மின்சுற்று பெரும்பாலும் அப்படி இல்லை. வீட்டில் நம்மைக் காப்பாற்றுகிற மின்பாய்ச்சல் தடுப்பு உள்ள ஒயர், கப்பலில் சூடேறித் தீப்பற்றலாம். 2013இல் அமெரிக்கக் கரையோரக் காவல்படை இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது. விலையுயர்ந்த நல்ல ஒயர் என்று பெருமைப்பட்டுக் கொண்டுபோனால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

செடி, மண், விதை விஷயம். கப்பலை விட இறங்கும் துறைமுகத்தில்தான் இது சிக்கல். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் செடியோ மண்ணோ கொண்டுவர ஏலாது. தம்பி வீட்டு முற்றத்து ரோஜாக் கன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவதும் இதில் சேரும். மலையகத்தாருக்கு இந்தச் சட்டத்தின் அருமையை விளக்கத் தேவையில்லை. 1869இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. அதற்குப் பிறகுதான் இந்த மலையெல்லாம் தேயிலை. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இன்றும் மழைக்காலத்தில் அதற்கு மருந்தடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் நம் மலையின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது.

அடுத்தவர் பொதி. இதை எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பிலும் சொல்கிறோம். "இதை மட்டும் அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யார் தந்தாலும், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் வாங்காதீர்கள். நம் நாட்டில் 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று சட்டம் இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்று நிரூபிப்பதற்குள் வாழ்க்கை போய்விடும்.

இதில் மறுபக்கமும் உண்டு. மேலே சொன்ன அதே எம்பிரஸ் கப்பலுக்காக 2021 ஒக்டோபரில் மும்பையில் நடந்த போதைப்பொருள் சோதனையில் நடிகர் ஷாருக் கானின் மகன் கைது செய்யப்பட்டார். அவரிடமிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2022 மேயில், போதிய ஆதாரம் இல்லை என்று அதே அமைப்பு அவரை வழக்கிலிருந்து விட்டுவிட்டது. கைதை உலகம் முழுக்கச் சத்தமாகச் சொன்னவர்கள் விடுதலையைச் சின்னக் குரலில் சொன்னார்கள். ஆகவே சோதனை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பெயரையும் முகத்தையும் பார்த்துக் கூடவோ குறையவோ கூடாது. அப்படி நடக்கும்போது கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு கேட்க வேண்டுமென்றால் நம் பை சுத்தமாக இருக்க வேண்டும்.

கப்பலில் போன கூட்டத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன உவமை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். கீழ்த்தட்டில் இருந்தவர்கள், மேலே போய்த் தண்ணீர் கேட்டுத் தொந்தரவு கொடுக்காமல் தங்கள் பங்கிலேயே ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அவர்களுடைய எண்ணமும் நல்லதுதான். தடுக்காவிட்டால் எல்லோரும் அழிவார்கள். தடைப் பட்டியலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. என் அறை, என் பை, என் கேத்தல் என்று கப்பலில் சொல்ல முடியாது.

ஆனால் மலையக மக்களுக்குப் பட்டியல் என்றாலே மனதில் ஒரு வலி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் "விதி விதிதான்" என்று நாங்களும் பேசக்கூடாது. இவர்களின் முன்னோரில் பலர் மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, தனிமைப்படுத்தலில் இருந்து, பிறகுதான் இங்கே வந்தார்கள். 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். போகிறவர்கள் எவ்வளவு கொண்டுபோகலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே இறக்கக் கூடாதாம். பரம்பரை பரம்பரையாக உழைத்த உழைப்புக்கு எழுதப்பட்ட கணக்கு அது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று அழுதுகொண்டே பொட்டணி கட்டிய கதைகளை இந்தத் தோட்டங்களில் இன்றும் கேட்கலாம். அப்படிப்பட்ட ஒருவரின் அண்ணனிடம் கத்தியை வாங்கி வைக்கும்போது, அந்தக் கணத்தில் அவருக்கு அது பாதுகாப்பு விதியாகத் தெரியாது.

அதனால் எங்கள் கருத்து இது. பட்டியல் இருக்கட்டும், கடுமையாகவே இருக்கட்டும். அது மக்களுக்கு விளங்கும் மொழியில், விளங்கும் நேரத்தில் வர வேண்டும். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. டிக்கட் விற்கும் எவரும் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு, டிக்கட்டைத் தரும்போதே தர வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்தது, சட்டப்படி குற்றமில்லாத, ஆனால் கப்பலில் ஏற்ற முடியாத பொருளைப் பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்கி வைத்து, திரும்பி வரும்போது கொடுப்பதற்கு ஒவ்வொரு பயணிகள் துறைமுகத்திலும் ஓர் இடம் வேண்டும். எல்லோருக்கும் வேன் டிரைவர் வெளியே காத்திருக்க மாட்டார். இது பெரிய செலவில்லை. ஓர் அறையும் ஒரு புத்தகமும் போதும். எங்கள் பிரதேச சபை உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மருந்தை அதன் பெட்டியோடும் டொக்டரின் துண்டோடும் கைப்பையில் வையுங்கள். குழந்தைப் பால்மாவும் கடையில் சீல் வைத்து விற்கும் பிஸ்கட்டும் பெரும்பாலும் பிரச்சினையில்லை. ஹலால் சாப்பாட்டை டிக்கட் எடுக்கும்போதே எழுதிக் கேளுங்கள், ஏறிய பிறகு சண்டை பிடிக்காதீர்கள். சந்தேகமான பொருள் இருந்தால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். முக்கியமாக, வீட்டில் பெரியவர்களின் பையை அவர்களோடு உட்கார்ந்து அடுக்குங்கள். "இது எதுக்கு தாத்தா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்டிருந்தால் கத்தியை வேறு வழியில் அனுப்ப முடியுமா என்று பார்த்திருப்போம். குறைந்தது நல்ல படமாவது எடுத்துக்கொண்டு போயிருப்போம்.

தாத்தா திரும்பி வந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். தம்பி முதலில் கேட்டது அப்பாவின் கத்தி இன்னும் இருக்கிறதா என்றுதானாம். "இருக்குன்னு சொன்னேன் சேர். கொண்டாந்தேன், விடலன்னு சொன்னேன். சரிண்ணே, அப்ப நான் வந்து பாக்குறேன்னுட்டான்" என்றார். தம்பிக்கு இப்போது கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களாம். கத்தி தாத்தாவின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

தம்பி வரும்போது அவருடைய பையைப் பற்றி முன்பே போன் எடுத்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ்.

கப்பலில் போன அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். உங்களிடம் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று சொன்னால் எல்லோருக்கும் உதவும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கத் தமிழ்ப் பட்டியலாக ஆக்கி, பாடசாலை அறிவித்தல் பலகையிலும் பள்ளிவாசலிலும் கோவிலிலும் ஒட்டுவதாக இருக்கிறோம்.